நாற்பத்தொரு குச்சிகள்

ஜகபர் சாதிக் பாயைப் பற்றிக் கோட்டக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷன் என்பார்கள். நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் நல்ல மனுஷன் செய்த தப்பை விட்டுவிட்டு அவர் கதையைச் சொன்னால் அது பேனரில் போடும் வாசகம் மாதிரி ஆகிவிடும். அந்த மாதிரி வாசகங்களை நான் தினமும் அச்சடிக்கிறேன். திண்டிவனத்தில் எனக்கு ஃப்ளெக்ஸ் பேனர் கடை. பெயர் ஜெகதீசன். இந்தக் கதையில் வருகிற தப்பில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு. அதை வெளியில் சொல்லாமல் மறைத்தவனும் நான்தான். அதனால் நான் சொல்வதில் என்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி எங்காவது தெரிந்தால் நம்ப வேண்டாம்.

மரக்காணத்துக்குத் தெற்கே முத்தாலங்குப்பத்தில் உப்பங்கழி கடலோடு சேரும் இடத்தில், கடற்பறவைகளைப் பார்ப்பதற்காக ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். சிமெண்ட் தூண், இரும்புக் கைப்பிடி, இரண்டு மாடி உயரம். கட்டி நான்கு வருஷத்தில் கைப்பிடி துருவேறி, தொட்டால் கை சிவக்கும். அங்கிருந்து பார்த்தால் கழிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்திட்டு தெரியும். குளிர் மாதங்களில் உள்ளான், கடற்காகம், வெளிநாட்டுப் பறவை எல்லாம் வரும். அப்போது புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் காரில் ஆட்கள் வருவார்கள், துப்பாக்கி நீளத்துக்கு லென்ஸ் வைத்துக்கொண்டு. நானும் அந்தக் கும்பலில் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பறவைமேல் பாசம் வருகிற ஜாதி.

பாய் அப்படி இல்லை. தினமும் காலையில் கோட்டக்குப்பத்திலிருந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் வருவார். வெயில் ஏறும்வரை மேடையில் நிற்பார். எதற்கோ ஆலாய்ப் பறக்கிற மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆலாவுக்காகவே இப்படி அலைந்தவர் அவர் ஒருவர்தான். ஆலா என்றால் கடல்மேல் பறந்து, மீனைக் கண்டதும் தலைகீழாகப் பாய்கிற வெள்ளைப் பறவை. அதிலும் உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன ஆலா ஒன்று உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில், பெரிய கேமராக்காரர்கள் எல்லாம் ஏசியில் இருக்கும்போது, அது திட்டுக்கு வந்து முட்டை வைக்கும். கூடு கிடையாது. வெறும் மணலில் குதிகால் அளவுக்கு ஒரு குழி, அதில் மணல் நிறத்திலேயே புள்ளி போட்ட இரண்டு முட்டை. பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.

பாய் இருபத்துமூன்று வருஷம் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அவர் பறவை பார்க்கக் கற்றுக்கொண்டது அந்த கிரேன் கூண்டுக்குள்தான். மற்றவர்கள் அண்ணாந்து பார்க்கிற பறவையை அவர் குனிந்து பார்த்துப் பழகினார். பன்னிரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு, கீழே பறந்துகொண்டிருந்த ஆலாக்கள்தான் துணை. ஒருநாள் அவர் இறக்கிய கண்டெய்னருக்குக் கீழே ஒரு நேபாளத்துப் பையன் மாட்டிக்கொண்டான். ஆள் போகக்கூடாத இடம் என்று குறிக்கும் மஞ்சள் கூம்பை அன்றைக்கு யாரோ வைக்க மறந்துவிட்டார்கள். விசாரணையில் பாய்மேல் தப்பில்லை என்றுதான் எழுதினார்கள். ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் கடைசியில் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: "குறி போடாத எடத்துலதான் ஜெகதீசு சாவு நடக்கும்."

ஊருக்குத் திரும்பி இரண்டாவது வருஷம் மனைவி நூர்நிஷா சர்க்கரை முற்றிக் காலமானார். மகள் சாஜிதா கல்யாணமாகி துபாயில் இருக்கிறாள். இவர் அங்கே சம்பாதித்து இங்கே கட்டிய வீட்டில் ஆறு அறை, ஒரே ஆள். அந்த வீட்டில் பகல் பொழுதைக் கழிப்பதைவிட பேஜாரான வேலை உலகத்தில் இல்லை என்பார். பறவை பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. அவருக்கு அது இல்லையென்றால் விடிந்து எழுவதற்கே காரணம் இல்லை.

திட்டில் இன்னொரு கூட்டமும் உண்டு. குப்பத்துப் பெண்கள் பதினைந்து பேர், தண்ணீர் வற்றுகிற நேரத்தில் கழியைக் கடந்து போய் மட்டி பொறுக்குவார்கள். சேற்றில் கையை விட்டுத் துழாவி எடுக்கிற சிப்பி அது. அந்தக் கூட்டத்தில் மூத்தவர் அம்சா. புருஷன் கடலோடு போய்விட்டார். மகள் கலைப்பிரியாவை நர்ஸிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். பாய்க்கு முதன்முதலில் ஆலா முட்டையைக் காட்டியவர் அம்சாதான். காட்டினார் என்றால் கையால் இல்லை. பக்கத்தில் நடந்துகொண்டே, முகத்தைக்கூடத் திருப்பாமல், இடது பக்கம் நாலு அடியில் இருக்கிறது, பார்த்துக்கொண்டே போங்கள் என்றாராம்.

அந்தப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. முட்டையைப் பார்த்தால் நிற்கக்கூடாது, குனியக்கூடாது, விரல் நீட்டக்கூடாது. எங்கே இருக்கிறது என்று இன்னொருத்தியிடம் சொல்லக்கூடக் கூடாது. விரல் நீட்டினால் காக்கா பார்த்துவிடும் என்பார்கள். விரல் நீட்டிய சின்னப் பெண்களுக்கு அங்கேயே முதுகில் ஒன்று விழும். பாய் இதைக் கேட்டுச் சிரித்தார். நானும்தான். காக்காவுக்கு விரல் மொழி தெரியுமா என்று நான் கிண்டலடித்தேன். அம்சா காதில் வாங்காத மாதிரி நடந்துகொண்டே இருந்தார். என்னைப் போன்ற ஆட்களின் கிண்டலுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்குகிறவர் இல்லை அவர்.

போன சித்திரைக் கடைசியில் திட்டில் நாற்பத்தொரு கூடு என்று பாய் எண்ணி வைத்திருந்தார். அவர் பார்த்த வருஷங்களில் அதுதான் அதிகம். அந்த சந்தோஷம் நான்கு நாள்கூட நிற்கவில்லை. ஏதோ பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு வந்த கூட்டம் ஒன்று திட்டுக்குப் போய் ரீல்ஸ் எடுத்தது. மேடையிலிருந்து பாய் கத்தியது காற்றில் போய்விட்டது. அவர்கள் போன பிறகு பார்த்தால், ஒரு கூட்டில் இரண்டு முட்டையில் ஒன்று ஷூ அடியில் நசுங்கி மணலோடு ஒட்டியிருந்தது. தாய்ப்பறவை அதையே சுற்றிச் சுற்றிப் பறந்தது. அன்று மாலை எனக்குப் போன் செய்தார். ஒவ்வொரு கூட்டுக்கும் பக்கத்தில் ஒரு குறி வேண்டும், தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், குச்சி அறுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

என் கடையில் பேனருக்குச் சட்டம் அடித்து மீந்த ரீப்பர் கட்டை நிறையக் கிடந்தது. முழ நீளத்துக்கு நாற்பத்தொன்று அறுத்தேன். தலையில் சிவப்புப் பெயிண்ட், கீழே நம்பர். அந்த வேலையை நான் எவ்வளவு அழகாகச் செய்தேன் என்பதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. மறுநாள் காலை இருவருமாகப் போய் நட்டோம். ஒவ்வொரு குச்சிக்கும் அவர் மண்டி போட்டுக் குழி தோண்டி, அளந்து, கூட்டிலிருந்து சரியாக இரண்டு அடி தள்ளி நட்டார். மேடையிலிருந்து நான் எடுத்த படத்தில் திட்டு முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். எங்கள் பறவை வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் கட்டைவிரல்கள் குவிந்தன. பாய் தன் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன்.

நாற்பத்தொரு தடவை மண்டி போட்டதில் அவருடைய முழங்கால் வீங்கிவிட்டது. ஆறு நாள் எழுந்திருக்க முடியவில்லை. நான் கடையில் கட்சி மாநாட்டுப் பேனர் வேலையில் இருந்தேன். ஏழாவது நாள் காலை அவர் தனியாக மேடை ஏறித் தொலைநோக்கியில் கண்ணை வைத்தார்.

பதினேழாம் நம்பர் குச்சியின் தலையில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. கீழே பார்த்தது. இறங்கி நடந்து குழிக்குள் எட்டிப் பார்த்தது. பிறகு பறந்து போய்ப் பதினெட்டில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு பத்தொன்பது. வீடு வீடாகக் கதவைத் தட்டுகிற தபால்காரர் மாதிரி அது குச்சி குச்சியாகப் போய்க்கொண்டிருந்தது என்று பாய் எனக்குச் சொன்னார். பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. உட்கார இடமில்லாத வெறும் மணலில் காக்காவுக்கு உட்கார இடமும் கொடுத்து, முட்டை எங்கே என்று விலாசமும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

நொண்டிக்கொண்டே திட்டுக்குப் போனார். முப்பத்துநான்கு கூடு காலி. ஓடு மட்டும் கிடந்தது. ஏழு கூட்டில் முட்டை இருந்தது, ஆனால் அந்த ஏழிலும் குச்சியைக் காணோம். காற்றில் விழுந்திருக்கும் என்று நினைத்தார். மிச்சமிருந்த முப்பத்துநான்கு குச்சியையும் பிடுங்கி, கடற்கரையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "நான் கொன்னுட்டேன் ஜெகதீசு" என்றார். நான் சொன்னது இதுதான்: யாரிடமும் சொல்லாதீர்கள் பாய், நம் பெயர் கெட்டுவிடும்.

அடுத்த நாள் விழுப்புரத்திலிருந்து வனத்துறை அதிகாரி வந்தார். முட்டை போன செய்தி எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. குழுவில் போட்ட குச்சிப் படத்தையும் பார்த்திருந்தார். திட்டில் நடந்து பார்த்தார். ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் செருப்புத் தடத்தோடு இன்னொரு தடமும் இருந்தது. வெறுங்கால் தடம், ஒன்று விடாமல் எல்லாக் குழிக்கும் போயிருந்தது. செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். கரைக்கு வந்தபோது பாயோடு நானும் நின்றிருந்தேன், குப்பத்து ஆட்களும் மட்டிக்காரப் பெண்களும் கூடியிருந்தார்கள். அவர்கள் முன்னால் வைத்தே பாயிடம் கேட்டார்.

"செருப்புக் கால் உங்களுது. இது வெறுங்கால்தானே பாய்?"

பாய் என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன்.

"ஆமா" என்றார்.

அது பொய்யில்லை. வெறுங்கால்தான். அதிகாரி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மட்டி பொறுக்கப் போகிறவர்கள் முட்டையையும் பொறுக்கிக்கொண்டு, குச்சியையும் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று அவரே சொல்லி முடித்துவிட்டார். பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. திட்டுக்கு யாரும் போகக்கூடாது, மீறினால் வழக்கு, சீக்கிரம் வேலியும் போடப்படும். அந்த அறிவிப்புப் பலகையை அச்சடிக்கும் வேலை சுற்றிச் சுற்றி என் கடைக்கே வந்தது. தடை என்ற எழுத்தைச் சிவப்பில் போடச் சொன்னார்கள். போட்டுக் கொடுத்தேன். கை கூசவில்லையா என்று கேட்டால், கூசியது. ஆனாலும் போட்டேன்.

பாய்க்கு அடையாள அட்டை ஒன்று கொடுத்தார்கள். பறவைப் பாதுகாப்பு ஆர்வலர் என்று போட்டு, அவருடைய படம் ஒட்டி, கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடாவும் கோத்து. திட்டுக்குப் போக அனுமதி உள்ள ஒரே வெளியாள் அவர்தான்.

மட்டிக்காரப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அம்சா விடியற்காலை பஸ் பிடித்துக் குயிலாப்பாளையம் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் அறை துடைக்கப் போனார். ஒருநாள் பாய் எக்ஸெல்லில் வரும்போது பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்திருக்கிறார். அம்சா எப்போதும் போலத் தலையை ஆட்டிவிட்டு பஸ் வருகிறதா என்று பார்த்தாராம். அன்றைக்கு மேடைக்குப் போகாமல் நேராகத் திண்டிவனத்துக்கு, என் கடைக்கு வந்துவிட்டார். அட்டையைக் கழற்றி என் மேஜைமேல் வைத்தார். விழுப்புரம் போகலாம் வா, எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றார். நான் கூடப் போனேன். ஆனால் அவருக்கு ஒரு நிபந்தனை போட்டேன், என் பெயர் வரக்கூடாது. அவர் அதற்கும் சரி என்றார்.

அலுவலகத்தில் அவர் மறைக்காமல் சொன்னார். குச்சியை நட்டது தான்தான், காக்காவுக்கு வழி காட்டியது அந்தக் குச்சி, பெண்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை, தடையை எடுத்துவிடுங்கள். இன்னொன்றும் சொன்னார். வேலி என்று கம்பம் நட்டால் அதுவும் காக்கா உட்காரும் இடம்தான், தயவுசெய்து நடாதீர்கள். எழுதியும் கொண்டுபோயிருந்தார், இரண்டு பக்கம். அதிகாரி கெட்டவர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். காகிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"ஃபைல் மேல போயிடுச்சு பாய். வேலிக்கு சேங்ஷன் ஆயிடுச்சு. காக்கா மேல நான் இன்னா கேஸ் போடறது? சரி, அந்த வெறுங்கால் தடம் எல்லாக் கூட்டுக்கும் எதுக்குப் போச்சு? அத மட்டும் சொல்லுங்க."

பாய் தன் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் யோசித்துக்கொண்டு நின்றபோது நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்து, போகலாம் என்றேன்.

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை பாய் அம்சா வீட்டுக்குப் போனார். கூட வா என்றதால் நானும் போனேன். சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. அம்சா விடுதியிலிருந்து கொண்டுவந்த வெளுத்த துண்டை விரித்து எங்களை உட்காரச் சொன்னார். பாய் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். குச்சி, காக்கா, புதைத்தது, விழுப்புரம். அம்சா கறிக்கு வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும் பாய்" என்றார். "அது என் கால்தான்."

பாய் புரியாமல் பார்த்தார்.

"நீங்க நட்டுட்டுப் போன மூணாம் நாளே காக்கா குச்சி மேல குந்திக்கினு இருந்துச்சு. நீங்களும் வர்ல. உங்க போன் நம்பரும் எங்கிட்ட இல்ல. நானே ஒவ்வொண்ணா போய்ப் பாத்தேன். ஏழுலதான் முட்ட இருந்துச்சு. அந்த ஏழுலயும் குச்சியப் பிடுங்கி கழில வுட்டுட்டேன். காலியானதுங்கள்ல அப்படியே வுட்டேன், காக்கா அங்கேயே சுத்திக்கினு கெடக்கட்டும்னு."

அந்த ஏழிலும் குஞ்சு பொரித்து, பறக்கிற வரைக்கும் பாய் பார்த்து எழுதி வைத்திருந்தார். காற்று காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா அன்னிக்கே சொல்லல? அந்த ஆபீசரு கேட்டப்ப பாயோட குச்சியாலதான் முட்ட போச்சுன்னு ஏன் சொல்லல?"

அம்சா வெங்காயத்தைக் கீழே வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"சொன்னா உங்கள வரக்கூடாதுன்னுவாங்க. வூட்ல யாருமில்லாத ஆளு, அதையும் புடுங்கிட்டா இன்னா பண்ணுவீங்க? எனக்கு இந்த வேல இல்லன்னா வேற வேல. நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நீங்க ஆமான்னு சொன்னப்ப நான் அங்கதான் பாய் நின்னுக்கினு இருந்தேன்."

பாய் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. அம்சா அவரைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. போகட்டும், ஆலாவாவது இனிமேல் நிம்மதியாக இருந்தால் சரி என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனார்.

அட்டையைப் பாய் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டார். அதன்பிறகு மேடைக்கு வரவில்லை. அம்சா போக முடியாத இடத்தை மேலே ஏறி நின்று வேடிக்கை பார்க்கத் தன்னால் முடியாது என்றார். தொலைநோக்கியை எனக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

இந்த வருஷம் சித்திரைக்கு முன்பே வேலி வந்துவிட்டது. அறுபது சிமெண்ட் கம்பம், ஆள் உயரம், நடுவில் கம்பி. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் போகிறேன். ஆலாக்கள் வந்தன. பத்துப் பன்னிரண்டு நாள் திட்டுக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றின. கம்பத்துக்கு ஒன்று என்று காக்காக்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு குழிகூடப் பறிக்காமல் ஆலாக்கள் போய்விட்டன. வேலிக்குள்ளே இப்போது மணல் மட்டும்தான் இருக்கிறது.

பாய்க்குப் போன் செய்து சொன்னேன். கேட்டுக்கொண்டார். போனை வைக்கும் முன், "அம்சாம்மாகிட்ட சொல்லிடாத" என்றார்.

போன வாரம் மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் அம்சாவைப் பார்த்தேன். விடுதிச் சீருடையில் இருந்தார், கால் வெடிப்புக்கு மருந்து தடவியிருந்தார். மகள் இரண்டாம் வருஷம் போகிறாள் என்றார். பஸ் வந்து நின்றதும், படியில் கால் வைத்தவர் திரும்பி, ஆலா வந்துச்சா என்று கேட்டார்.

"வந்துச்சு" என்றேன்.

அதுவும் பொய்யில்லை.